வீட்டுக்கார அம்மா எங்களைப் பார்த்த நாள்

மகள் ஜப்பானில் வீடு தேடத் தொடங்கியபோது எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. வேலை கிடைப்பதுதானே கஷ்டம், இவ்வளவு படித்த பிள்ளைக்கு வீடு என்ன, வாடகையைக் கொடுத்தால் தருவார்கள் என்று என் மனைவி சொன்னாள். மகள் இங்கே ஜேர்மனியில், ஆஹென் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தவள். படிக்கும்போதே பின்னேரங்களில் ஜப்பானிய மொழியும் படித்தாள். என்னத்துக்கு என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு நகோயா நகருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போனபோதுதான் விளங்கியது.

தொழிற்சாலை முதலில் தன் விடுதியில் ஓர் அறை கொடுத்திருந்தது. அது புதிதாக வருகிறவர்களுக்கான அறை. கோடை முடிவதற்குள் அதை அடுத்தவருக்கு விட்டுவிட்டு வெளியே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை என்று மகள் சொன்னாள். எனக்கு அவள் அங்கேயே இருக்க வேண்டும் என்று விருப்பம். அந்த வேலையைப் பற்றிக் கதைக்கும்போது அவளுடைய குரல் வேறு மாதிரி இருக்கும். சின்ன வயதில் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னால் வருகிற குரல் அது. மனைவிக்கோ வீடு கிடைக்காவிட்டால் நல்லது, பிள்ளை திரும்பி வரட்டும், இங்கே இல்லாத தொழிற்சாலையா என்ற எண்ணம்.

வெளிநாட்டில் வீடு தேடுவது நாங்கள் அறியாத வேலை இல்லை. மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நாங்கள் இதே கெல்சென்கிர்ச்சன் நகரில் ஓர் ஈரச் சுவர் வீட்டில் இருந்தோம். சுவரில் பூஞ்சணம் பிடித்து அவளுக்கு இருமல் வந்ததால் வேறு வீடு தேடினோம். நான் ரெலிபோன் எடுத்து வாய் திறந்த உடனே, அந்த வீடு போய்விட்டது என்பார்கள். மனைவி எடுத்தாலும் அதே பதில்தான். நான் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழிலேயே நாலு பேர் முன்னால் கதைக்கக் கூச்சப்படுகிறவன். ஜேர்மன் மொழியில் ரெலிபோனில் கதைப்பது என்றால் எனக்குக் கை வியர்க்கும்.

கடைசியில் மகளே எடுத்தாள். குசினி முக்காலியில் ஏறி நின்று, தன் வகுப்பு ஆசிரியையின் குரலை வரவழைத்துக்கொண்டு, பெற்றோருக்காக அழைக்கிறேன் என்று சொல்வாள். இந்த ஊரில் பிறந்தவர்கள் கதைப்பது போலவே கதைப்பாள். உடனே வந்து பார்க்கச் சொல்லி நேரம் கொடுப்பார்கள். நாங்கள் மூவரும் நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு போவோம். கதவு திறக்கும். திறந்தவர் எங்களைப் பார்ப்பார். இப்போதுதான் ஒருவர் வந்து எடுத்துவிட்டார் என்பார். திரும்பி வரும் வழியில் அவளுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிக் கொடுப்போம். வீடு பார்க்கப் போவதென்றால் உருளைக்கிழங்குப் பொரியல் தின்னப் போவது என்றுதான் அவள் கனகாலம் நினைத்திருந்தாள். சனிக்கிழமை வந்தால், "அப்பா, இண்டைக்கு வீடு பார்க்கப் போகேல்லையோ?" என்று கேட்பாள்.

பிறகு சுரங்க வேலைக்கென்று இத்தாலியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒருவர் தன் வீட்டை எங்களுக்குத் தந்தார். உங்கள் வீட்டில் யாராவது மேளம் அடிப்பீர்களா என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. இல்லை என்றதும் கதவுத் திறப்பைக் கையில் தந்துவிட்டார். அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறோம்.

அதனால் ஜப்பானில் வீடு தரமாட்டேன் என்கிறார்கள் என்று மகள் முதல்முறை சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. அவர்கள் அதைச் சொல்கிற விதம்தான் ஆச்சரியமாக இருந்தது. வீட்டுத் தரகர் ஒரு இளம் ஆளாம். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டுப் போட்டிருப்பாராம். அவளை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டே வீட்டுச் சொந்தக்காரருக்கு ரெலிபோன் எடுப்பாராம். வெளிநாட்டுக்காரி ஒருத்தி வந்திருக்கிறா, ஆனால் எங்கள் மொழி நன்றாகக் கதைக்கிறா என்பாராம். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்ததும் பல்லுக்கு இடையால் காற்றை உள்ளே இழுப்பாராம். பிறகு எழுந்து நின்று இடுப்பு வரைக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்பாராம்.

"கோயிலிலை சாமிக்குக் கும்பிடுற மாதிரிக் குனியுறார் அம்மா. எனக்கே பாவமாய்க் கிடக்கு. நானும் எழும்பிக் குனிஞ்சனான்" என்று மகள் வீடியோவில் சிரித்தாள்.

"நீ ஜேர்மன்காரி எண்டு சொல்லேல்லையே?" என்று மனைவி கேட்டாள்.

"சொன்னனான். ரெலிபோனிலை சொன்னால் அவைக்குச் சரியான சந்தோஷம். ஜேர்மன்காரர் துப்புரவான ஆக்களாம். நேரிலை போய் நிண்டால், எனக்குப் பின்னாலை அந்த ஜேர்மன்காரி வாறாவோ எண்டு எட்டிப் பார்க்கினம்."

நாங்கள் மூவரும் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தோம். ரெலிபோனை வைத்த பிறகு மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் குசினிக்குள் பாத்திரங்களை அங்கும் இங்கும் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே வந்து, எங்கட பிள்ளைக்கு வீடு இல்லை எண்டு சொல்ல அவை ஆர் என்று என்னைக் கேட்டாள். ஜப்பான்காரர் எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது போல இருந்தது அந்தக் கேள்வி. பிள்ளை திரும்பி வரட்டும் என்ற கதை அன்றோடு முடிந்தது. இனி அவளுக்கு அங்கே வீடு கிடைத்தே ஆகவேண்டும்.

எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு வயதான ஜேர்மன்காரர் இருக்கிறார். நாங்கள் வந்த புதிதில் எங்களைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர். இப்போது கண்டால் கதவைத் திறக்கிறவர். நான் மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். காலை முறை முடிந்து வருகிற நேரம் அவர் படிக்கட்டில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு, பெண் எப்படி இருக்கிறாள் என்று என்னைக் கேட்டார். வெளிநாட்டுக்காரி என்று வீடு தரமாட்டேன் என்கிறார்களாம் என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. யார் வெளிநாட்டுக்காரி, அவள் கெல்சென்கிர்ச்சன்காரி அல்லவா என்று சத்தம் போட்டார். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா, தூதரகத்துக்கு எழுது என்றார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு மேலே ஏறினேன். மனைவியிடம் சொன்னபோது, அப்படியெண்டால் நாங்கள் இரண்டு பேரும் எந்த ஊர் என்று அவரிடம் கேட்டுவரச் சொன்னாள்.

கோடை பாதிக்கு மேல் போன பிறகு மகள் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறாவாம். எழுபது வயதுக்கு மேல். மேல்மாடியைத்தான் வாடகைக்கு விடுகிறாவாம். பழைய மர வீடு. ஓர் அறையில் தரை முழுவதும் தடித்த புற்பாய் பதித்திருக்கிறதாம். யன்னலைத் திறந்தால் ஒரு சின்னக் கால்வாய் தெரியுமாம். தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகலாம். மகளின் குரலில் அந்த நீச்சல் குளம் இருந்தது. வீட்டுக்கார அம்மா இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. பெற்றோர் எப்படிப்பட்டவர்கள் என்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறா. சனிக்கிழமை தரகர் வேலை செய்கிற கந்தோரில் இருந்து வீடியோவில் எடுப்பதாக மகள் சொன்னாள். அவர்களுக்கு அது பின்னேரம், எங்களுக்குக் காலை. அந்த அம்மா வேண்டாம் என்றால் இனிப் பார்ப்பதற்கு வேறு வீடு இல்லை, விடுதியை விடுகிற நாளும் நெருங்கிவிட்டது என்றும் சொன்னாள்.

மனைவி இதைக் கேட்டதும், "விளங்குது. பொம்பிளை பார்க்க வருகினம்" என்றாள்.

"அம்மா, வீட்டுக்கு. கலியாணத்துக்கு இல்லை."

"எல்லாம் ஒண்டுதான் பிள்ளை. தாய் தேப்பனைப் பார்க்க வேணும் எண்டு கேட்டால் அதுக்குப் பேர் வேறை என்ன?"

அதற்குப் பிறகு அவளை நிறுத்த ஏலவில்லை. வெள்ளிக்கிழமை முழுவதும் வீட்டைத் துடைத்தாள். யன்னல் சீலைகளைக் கழற்றித் தோய்த்தாள். சனிக்கிழமை விடியவே எழுந்து உழுந்து வடை சுட்டாள். பயத்தம் பணியாரம் ஏற்கெனவே செய்து வைத்திருந்தாள். நல்ல பீங்கான் தட்டுகள் எல்லாம் அலுமாரிக்குள்ளிருந்து வெளியே வந்தன. பார்க்க வருகிறவர்கள் ரெலிபோனுக்குள் இருக்கப்போகிறார்கள், வடையை எப்படித் தின்பார்கள் என்று நான் கேட்டேன். தின்பது அவர்கள் விருப்பம், வைப்பது எங்கள் முறை என்றாள். கூறைச்சீலை ஒன்றுதான் மிச்சம். கலியாணத்துக்குப் போட்ட மற்றதெல்லாம் போட்டிருந்தாள்.

எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம். சும்மா இருந்து தலையை ஆட்டுங்கோ. பாக்கிறதுக்கு நல்ல மனுசன் மாதிரித்தான் இருக்கிறியள்."

அது எனக்கும் வசதியாக இருந்தது. நான் மகளின் பட்டமளிப்புக்குப் போட்ட கோட்டையும் கால்சட்டையையும் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது ஏதோ குறைவது போல இருந்தது. கீழே பார்த்தால் வெறுங்கால். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து முக்கியமான ஆட்கள் முன்னால் நான் சப்பாத்து இல்லாமல் போய் நின்றதில்லை. அகதி விசாரணைக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, வேலை கேட்கப் போன இடங்களுக்கு எல்லாம் சப்பாத்தை மினுக்கிப் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறேன். இன்றைக்கு ஒரு வயதான அம்மா எங்களைப் பார்க்கிறா. வெறுங்காலோடு இருந்தால் என்ன மரியாதை? கதவடியில் இருந்த கறுப்புச் சப்பாத்தை எடுத்து, அடியை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, உலர வைத்து, வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு நான் நடந்தது அதுதான் முதல் தடவை. மனைவி கண்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். சாமியறைப் பக்கம் போகாதேங்கோ என்று மட்டும் சொன்னாள். சண்டை பிடிக்க நேரம் இல்லை. ரெலிபோன் அடித்துவிட்டது.

மனைவி ரெலிபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். அதற்குள் மூன்று பேர் தெரிந்தார்கள். நடுவில் வீட்டுக்கார அம்மா. சின்ன உருவம், வெட்டிய வெள்ளை முடி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தா. ஒரு பக்கம் கறுப்புக் கோட்டுத் தரகர். மறு பக்கம் எங்கள் பிள்ளை, முதுகை நிமிர்த்திக்கொண்டு. அந்த அம்மா குனிந்தா. நாங்களும் குனிந்தோம். மனைவி குனிந்த வேகத்தில் வடைத் தட்டு ஒரு பக்கம் தள்ளுப்பட்டது. அந்த அம்மா மறுபடி குனிந்தா. யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் எல்லோரும் குனிந்துகொண்டே இருந்தோம்.

மகள்தான் மொழிபெயர்த்தாள். சின்ன வயதிலும் கந்தோர்களில் அவள்தான் எங்களுக்காகக் கதைத்தாள். அப்போதே அவளுக்கு ஒரு பழக்கம். நாங்கள் ஒரு பக்கத்துக்குச் சொல்வதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவாள். இப்போதும் அப்படித்தான். அந்த அம்மா ஏதோ கேட்டா. சமைப்பாளா என்று கேட்கிறா என்றாள் மகள். கறி மணம் பிடிக்காதவர்கள் இருப்பார்கள் என்று நினைத்து, தனக்குப் பெரிதாகச் சமைக்கத் தெரியாது என்று அவளே பதிலும் சொல்லிவிட்டாள். அதைத் தமிழில் கேட்ட மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"பார்க்க வந்த ஆக்களிட்டைச் சமைக்கத் தெரியாது எண்டோ சொல்லுறது? சோறு, கறி, சொதி, எல்லாம் தெரியும் எண்டு சொல்லு" என்றாள். மகள் அந்த அம்மாவிடம் என்ன சொன்னாளோ தெரியாது. மிகவும் சுருக்கமாக இருந்தது.

பிறகு அந்த அம்மா வீட்டைப் பார்க்கலாமா என்று கேட்டா. மனைவிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். கதிரைகள், அலுமாரி, தோய்த்த யன்னல் சீலை, சாமிப் படங்கள், குசினி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். தரகர் ஓ, ஓ என்று சத்தம் போடுவது கேட்டது. நான் கதிரையிலேயே இருந்தேன். எல்லாம் நல்லபடி நடக்கிறது, எனக்கு வேலை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். திரும்பி வரும்போது மனைவி ரெலிபோனைக் கையில் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். அது நிலத்தைக் காட்டிக்கொண்டு வந்தது. நிலத்தில் கம்பளம். கம்பளத்தில் என் இரண்டு கறுப்புச் சப்பாத்துகள்.

மனைவி மறுபடியும் ரெலிபோனைச் சாய்த்து வைத்தாள். தரகர் பல்லுக்கு இடையால் காற்றை இழுத்தார். மகள் சொன்ன அந்தச் சத்தத்தை அப்போதுதான் நான் நேரில் கேட்டேன். வீட்டுக்கார அம்மா மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"அப்பா, சப்பாத்தோடையா இருக்கிறீங்கள்?" என்றாள் மகள். குரல் மெல்லிதாகிவிட்டது. முன்பு அந்த மேல்மாடியில் இருந்தவன் சப்பாத்துக் காலோடு பாயில் நடந்து, மோட்டார் சைக்கிள் சாமான்களையும் அதில் போட்டுக் கிழித்துவிட்டானாம். முழுப் பாயையும் மாற்ற வேண்டி வந்ததாம். அதனால்தான் அந்த அம்மா இவ்வளவு யோசிக்கிறா. சப்பாத்தோடு வீட்டுக்குள் இருக்கிற குடும்பம் என்றால் இனி எப்படிக் கேட்பது என்று அவள் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டாள்.

மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அவளோடு வாழ்கிறேன். அப்படி ஒரு நேரத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. போட்டவன் நான். நான்தான் சொல்ல வேண்டும். எனக்குக் கை வியர்த்தது. கோட்டில் துடைத்துக்கொண்டேன்.

"பிள்ளை, நான் சொல்லுறதைச் சுருக்காமல் சொல்லு" என்றேன். "எங்கட வீட்டுக்குள்ளை ஒருத்தரும் சப்பாத்துப் போடுறேல்லை. சாமி இருக்கிற வீடு. இண்டைக்கு மட்டும் போட்டனான். இந்த அம்மா எங்களைப் பார்க்க வாறா, வெறுங்காலோடை இருந்தால் மரியாதை இல்லை எண்டு நினைச்சுப் போட்டனான். அடியைத் துடைச்சுப்போட்டுத்தான் போட்டனான். மரியாதை எண்டு நினைச்சது அங்கை மரியாதைக் குறைவாய்ப் போகும் எண்டு எனக்குத் தெரியாது."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நீண்ட நேரம் சொன்னாள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, ஆனால் அவள் சுருக்கவில்லை என்பது தெரிந்தது. அந்த அம்மா கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ரெலிபோனுக்குக் கிட்ட வந்தா. ஏதோ கேட்டா.

"அடியைப் பார்க்கலாமோ எண்டு கேக்கிறா" என்றாள் மகள்.

எனக்குப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. வயதான ஒரு அம்மாவின் முகத்துக்கு நேரே காலைத் தூக்கிக் காட்டுவதா? எங்கள் ஆட்களில் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்? காலைத் தூக்காமல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சப்பாத்தைக் கையில் எடுத்துப் பெரியவர் முன்னால் பிடிப்பது அதைவிட மோசம் என்று எடுத்த பிறகுதான் தெரிந்தது. வேறு வழியில்லை. ஒரு கையால் சப்பாத்தைப் பிடித்து, மறு கையை நெஞ்சில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு, அடிப்பக்கத்தை ரெலிபோனுக்குக் காட்டினேன். அந்த அம்மா மூக்கு முட்டக் கிட்ட வந்து பார்த்தா. மனைவி அந்த நேரம் பார்த்து ரெலிபோனைப் பறித்துக்கொண்டு கதவடிக்கு ஓடினாள். அங்கே எங்கள் செருப்புகள், அவளுடைய தோட்டத்துச் செருப்பு, மகள் விட்டுவிட்டுப் போன பழைய சப்பாத்துகள் எல்லாம் குவிந்து கிடந்தன. வீட்டிலேயே அவள் துடைக்காத இடம் அது ஒன்றுதான்.

"பாருங்கோ அம்மா, இஞ்சைதான் எல்லாம் கழட்டிறது" என்று தமிழிலேயே அந்த அம்மாவுக்குச் சொன்னாள்.

திரும்பி வந்து ரெலிபோனை வைத்தபோது அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தா. தோள் குலுங்கியது. அழுகிறாவோ என்று பயந்தேன். சிரிக்கிறா. தரகரும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மேசையில் கவிழ்ந்து சிரித்தார். மற்றச் சப்பாத்தையும் கழற்றட்டாம், கால் நோகுமாம் என்று மகள் சொன்னாள். கழற்றினேன். அந்த அம்மா தலையை ஆட்டினா.

மனைவிக்கு இப்போது வாய் திரும்பி வந்துவிட்டது. பாயைக் கிழித்தவன் எந்த நாட்டுக்காரன் என்று கேட்கச் சொன்னாள்.

மகள் கேட்டாள். "பக்கத்து ஊர்ப் பெடியனாம். ஜப்பான்காரன்தானாம்" என்றாள்.

"அப்ப என்னத்துக்கு வெளிநாட்டுக்காரருக்கு இல்லை எண்டவையாம்? கேள் அதை."

"அம்மா, நான் அதைக் கேக்கமாட்டன்."

அந்த அம்மா, தாய் என்ன சொல்கிறா என்று கேட்டிருக்க வேண்டும். மகள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, எனக்குச் செய்தது போலவே, சுருக்காமல் சொல்லிவிட்டாள். சொல்லும்போதே அவளுடைய காது சிவந்தது. அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு எங்களை நேரே பார்த்தா. பிறகு மெதுவாகப் பதில் சொன்னா. அதுவும் சரியான கேள்விதான், அதை இதுவரை தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று சொன்னாவாம். தரகரைப் பார்த்து இன்னும் ஏதோ சொன்னா. தரகர் எழுந்து நின்று குனிந்தார். இந்த முறை மகள் மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீடு கிடைத்துவிட்டது என்று அவள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. சொல்லாமலே தெரிந்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடைத் தட்டைத் தூக்கி ரெலிபோனுக்கு முன்னால் நீட்டினாள். எடுங்கோ, எடுங்கோ என்றாள். அந்த அம்மா விரல் இரண்டால் ஒன்றை எடுப்பது போலவும் வாயில் போடுவது போலவும் செய்து காட்டினா. தரகருக்கும் ஒன்று எடுத்துக் கொடுப்பது போலச் செய்தா. தரகர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

விடுதியை விட்ட அன்றே மகள் அந்த மேல்மாடிக்குக் குடிபோனாள். எந்தச் சாமானையும் பிரிப்பதற்கு முதல் பால் காய்ச்ச வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். எனவே மகள் ரெலிபோனைத் தன் குசினி மேசையில் வைத்துவிட்டு, ஒரு சின்னச் சட்டியில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். நாங்கள் இங்கே காலைத் தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்குப் பின்னால் புற்பாய் அறை தெரிந்தது. வெயில் பட்டு வைக்கோல் நிறத்தில் இருந்தது. அதில் அவளுடைய பெட்டிகள் கூட இல்லை. எல்லாவற்றையும் மரத் தரையிலேயே அடுக்கி வைத்திருந்தாள்.

பால் பொங்கி வழிய வேண்டும், வழிந்தால்தான் நல்லது என்று மனைவி இங்கிருந்து சொல்ல, அடுப்பு ஊத்தையாகிப் போகும், வீட்டுக்கார அம்மா என்ன சொல்வாவோ என்று மகள் அங்கிருந்து சொல்ல, இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில் பால் பொங்கிவிட்டது. சட்டியை மீறி அடுப்பில் ஊற்றியது. புகை கிளம்பியது. மகள் யன்னலைத் திறக்க ஓடினாள். அதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா மணம் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிட்டா.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெலிபோனில் அவர்கள் இருவரின் முதுகும்தான் தெரிந்தது. மகள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளங்கப்படுத்தினாள். பால், பொங்கல், புதுவீடு, அம்மா சொன்னது என்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். அந்த அம்மா அடுப்புக்குக் கிட்ட வந்தா. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தா. சட்டிக்குள் எட்டிப் பார்த்தா. பிறகு ஏதோ சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனா. மகள் எங்கள் பக்கம் திரும்பினாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"என்னவாம், சொல்லு பிள்ளை" என்றேன்.

"நாற்பது வருசமாய் இருக்கிறாவாம், கீழை தன்ரை வீட்டிலை ஒருநாளும் இப்பிடிப் பொங்கேல்லையாம். நாளைக்கு வந்து தனக்கும் ஒருக்கால் பொங்க வைச்சுத் தரட்டாம்."

மனைவி என் கையை விட்டுவிட்டு ரெலிபோனுக்குக் கிட்டப் போனாள். "அதுக்குப் புதுச் சட்டி வேணும் எண்டு இப்பவே போய்ச் சொல்லு" என்றாள்.